ஏரி மேட்டுப் பந்தயம்

"இன்னிக்கு ஒரு நாளாவது தோத்துட்டு வாங்களேன்!"

சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சேக் தாவூத் நிமிர்ந்து பார்த்தார். அரிசி முறத்தோடு வாசலில் நின்றிருந்தாள் மனைவி ஷரீபா.

"பந்தயம்னு எறங்கிட்டு யாராச்சும் வேணும்னே தோப்பாங்களா?"

"பாவங்க அந்தத் தம்பி. ரெண்டு வருசமா ஒரு ஞாயித்துக்கெழமைகூட ஜெயிக்கலை. ஆபீஸ்ல அதை எல்லாரும் கேலி பண்றாங்களாம். ஒரு நாள் ரோசப்பட்டு வர்றதையே நிறுத்திடுச்சுன்னா, அப்புறம் யாரோட மல்லுக்கட்டுவீங்க?"

தாவூத்துக்குச் சுருக்கென்றது. அந்தமானில், ஜங்லிகாட் பகுதியில் வீட்டோடு மளிகைக்கடை வைத்திருந்த அவருக்கு வாடிக்கைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. மனம் விட்டுப் பேச இருந்தவன், மராமத்து இலாகா குமாஸ்தா சொக்கலிங்கம் ஒருவன்தான். அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், கட்டைப் பிரம்மச்சாரி, ஹட்டோ பகுதி மெஸ் ஒன்றில் ஜாகை.

ஞாயிறு தோறும் இருவருக்கும் சைக்கிள் பந்தயம். கடை வாசலில் கிளம்பி, மேடேறி, தில்தாமன் ஏரியைச் சுற்றி, ஹட்டோ பக்கம் இறங்கிக் கடற்கரையோரமாக மறுபடி கடைக்கே வரவேண்டும். போர்ட் பிளேரில் சமதரை வேண்டுமென்றால் கடலில்தான் தேட வேண்டும். ஏற்றத்தில் நாக்கு தள்ளும், இறக்கத்தில் உயிர் தள்ளும்.

தோற்றவன் ஜெயித்தவன் வீட்டுக்குப் போய் அவன் சைக்கிளைக் கழுவித் தரவேண்டும். அதுதான் ஒப்பந்தம். சொக்கலிங்கம் முகம் கோணாமல் கழுவுவான். கழுவி முடிக்க மத்தியானமாகிவிடும். வந்தவனைப் பசியோடு அனுப்ப ஷரீபா சம்மதிக்க மாட்டாள்.

"சரி, இன்னிக்குத் தோக்கறேன். கடைக்காரன் வாக்கு," என்றார் தாவூத்.

சொல்லிவிட்டாரே தவிர, முதல் மேட்டிலேயே கஷ்டமாகிவிட்டது. அவர் மிதியை மெதுவாக்கினால், பின்னால் வந்த சொக்கலிங்கம் அவரைவிட மெதுவானான்.

"பாய், நீங்க முன்னால போங்க. எனக்கு மூச்சு வாங்குது!"

ஏரிக்கரைக்கு வந்ததும் தாவூத் தடாலென்று இறங்கிக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு தம்பி. நீ போய்க்கிட்டே இரு."

"உங்களை விட்டுட்டா? நல்லாருக்கே!" சொக்கலிங்கமும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இரவு பெய்த மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைப் பச்சை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. மேட்டின் இடுக்கில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. எத்தனையோ ஞாயிறு இந்த வழியாகப் போயிருந்தும், ஜெயிக்கிற அவசரத்தில் தாவூத் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. தோற்பதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"போலாமா பாய்?"

"நீ முன்னால போ."

"ஐயோ, எனக்குச் செயின் கழண்டிருக்கு."

இறக்கத்தில் இரண்டு சைக்கிளின் பிரேக்குகளும் போட்டி போட்டுக்கொண்டு கிறீச்சிட்டன. ஜங்லிகாட் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, நடந்து போகிறவர்களே அவர்களை முந்திக்கொண்டிருந்தார்கள்.

மீன் விற்றுக்கொண்டிருந்த வங்காளி வாய்விட்டுச் சிரித்தான். "அரே தாவூத் பாய், யே ரேஸ் ஹை யா பாராத்?"

ரேஸா, கல்யாண ஊர்வலமா என்று அவன் கேட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது. கடை வாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தாவூத் சட்டென்று காலை ஊன்றி நின்றார். சொக்கலிங்கமும் நின்றான்.

"ஏன்டா நிக்கிறே?"

"நீங்க நிக்கிறீங்களே பாய்."

தாவூத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னிக்கு நீதான்டா ஜெயிக்கணும்! போ!" என்று அவன் கேரியரைப் பிடித்து ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். தடுமாறிக்கொண்டே போன சொக்கலிங்கத்தின் சைக்கிள், கடை வாசலில் போய் நின்றது. தெரு முழுக்கக் கைதட்டியது. வாசலில் நின்ற ஷரீபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஓடிப்போய் அவன் தோளைத் தட்டிய தாவூத் திகைத்தார். ஜெயித்தவன் கண் கலங்கி நின்றிருந்தான்.

"சந்தோஷத்துல அழுவுறியா தம்பி?"

"சந்தோஷமா? இனிமே நீங்கல்ல எங்க மெஸ்ஸுக்கு வந்து சைக்கிள் கழுவணும்! அக்கா கைச்சோறுக்கு நான் எங்கே போவேன்?"

"அடப்பாவி! அப்போ இத்தனை நாளும்..."

"ஊர்ல மூணு வருசம் நான்தான் ஜில்லா சாம்பியன், பாய். உங்ககிட்டத் தோக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்!"