சிவப்பு டப்பா, பச்சை டப்பா

“ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கலாம் வெர்னன். அதுக்காக ஒருத்தனோட சட்டை இன்னொருத்தனுக்குச் சேருமா?” என்றாள் கோரா, தராசுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அவர்கள் வீட்டு நிலவறையில் தோட்டா தயாரிக்க ஒரு நீள மேஜை. கணவன் முனையில் சிவப்பு டப்பா, மனைவி முனையில் பச்சை டப்பா. இரண்டிலும் துப்பாக்கி மருந்துதான். எரியும் வேகத்தில் மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழைக்காகக் கல்யாணமான நாளிலிருந்து சண்டை.

“உன் பச்சை குளிருக்குத் தாங்கும், அவ்வளவுதான். மாநிலப் போட்டிக்கு வருஷா வருஷம் யார் போறா?”

“நீ போறே. உன் மருந்தா போகுது?”

“நானும் என் மருந்தும் ஜோடியாத்தான் போறோம்” என்று சிரித்தான் வெர்னன்.

கோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒருவருக்குத்தான் இடம். ஒன்றிரண்டு புள்ளியில் அது அவள் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. தோற்றால், “மருந்தை மாத்திப் பாரேன்” என்பார் கிளப் தலைவர் லைல். எப்போதாவது பயிற்சியில் ஜெயித்தால், “பச்சை டப்பா இன்னிக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு” என்பார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அந்தக் கோடையில் வெர்னன் சரக்கு ரயில் ஓட்டப் போன நாட்களிலெல்லாம் அவள் நிலவறைக்கு இறங்கினாள். கையேட்டைப் பார்த்து மருந்து அளந்தாள், மைதானத்தில் சுட்டுப் பார்த்தாள், திருத்தினாள், மறுபடி சுட்டாள்.

கிளப்பின் தேர்வுப் போட்டியன்று ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது. இலக்கு அறுநூறு கெஜத்தில். வெர்னன் சுட்டு முடித்து எழுந்துவிட்டான். கோராவுக்குக் கடைசித் தோட்டா பாக்கி. காற்றுக்கொடி படபடத்தது. அவள் சுடவில்லை.

“நேரம் போகுது கோரா” என்றார் லைல்.

அவள் காதில் வாங்கவில்லை. கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிய நொடியில் விசையை அழுத்தினாள்.

நட்ட நடு மையம். ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம்.

அவள் எழுந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. மாநிலப் போட்டிக்கு அவள் போகிறாள்.

“சந்தேகமே இல்ல, பச்சை டப்பாதான்” என்றார் லைல் எல்லோருக்கும் கேட்கும்படி. “நாளைக்கே நான் ஒண்ணு வாங்கப் போறேன்.”

வெர்னன் வந்து அவளைக் கட்டிக்கொண்டான். “ஒத்துக்கறேன் தாயே. இந்தக் காத்துக்கு உன் மருந்துதான் நின்னுது. எனக்கும் கொஞ்சம் கொடு.”

“எங்கிட்ட ஏது? பச்சையை மே மாசமே விட்டுட்டேன்” என்றாள் கோரா. “இன்னிக்கு நான் சுட்டது அத்தனையும் சிவப்பு.”