கடுகு சார் திறந்த விண்ணப்பம்

"ஓட்டை சின்னதுதான் மேடம். ஆனா பதினெட்டு வருஷமா அடைக்காமலே கிடக்கு" என்றார் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்.

கம்பெனியின் பழைய லீவு சாஃப்ட்வேர் அது. உங்கள் விண்ணப்பத்தைத் திறந்துகொண்டு, மேலே பக்க முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் போதும். அடுத்தவர் விண்ணப்பம், டாக்டர் சீட்டோடு, பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்கும்.

"யாராவது பார்த்திருக்காங்களா?"

"ஒரே ஒருத்தர். ஆறு தடவை. பழைய பதிவுகளை யாரும் அழிக்கலை." இந்த ஆபீசில் எதையும் தூக்கிப்போடும் பழக்கம் கிடையாது. "ஆறும் ஒரே ஆளோட லீவு. உங்களோடது மேடம்."

பார்த்தவர் பெயரைத் திரையில் படித்ததும் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடுகு சார்!

அந்தக் காலத்தில் மேடம் வேலை பார்த்த பிரிவுக்கு அவர்தான் தலைவர். தொட்டதற்கெல்லாம் பொரிவதால் அந்தப் பெயர். இப்போது மேடம் அவருக்கே மேலதிகாரி. வருகிற வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார். அறிக்கையில் பெயர் ஏறினால் வழியனுப்பு விழா கிடையாது, விசாரணைதான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஹாலில் பன்னிரண்டு பேர். பெட்டி பெட்டியாக மானிட்டர். ஒரே ஒரு பிரிண்டர். அது மக்கர் பண்ணினால் எல்லோரும் அதைச் சுற்றி நின்று அரட்டை அடிப்பார்கள். எவ்வளவு சந்தோஷமான இடம் அது! நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கும்.

அங்கேதான் மேடம் தனக்குப் புற்றுநோய் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் வேலை பார்த்தாள். சிகிச்சைக்கு ஒரு நாள் லீவு. டாக்டர் சீட்டு நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், பிரிவில் யார் கண்ணிலும் படாது. மறுநாள் காலையில் சீட்டில் ஆஜர். யாராவது பரிதாபமாகப் பார்ப்பதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

அந்த நாட்களாகப் பார்த்துத்தான் கடுகு சார் பாய்வார். "இதெல்லாம் உனக்குச் சரிப்படாது, குடு இங்கே!" என்று எல்லார் முன்னாலும் வேலையைப் பிடுங்கிக்கொள்வார். அவள் பாத்ரூமுக்குப் போய் அழுதிருக்கிறாள்.

சோதனைக்காரரை அனுப்பிவிட்டு, கடுகு சாரைக் கூப்பிட்டாள்.

"என் டாக்டர் சீட்டைப் படிச்சீங்களா சார்?"

அவர் மழுப்பவில்லை. "படிச்சேம்மா. முதல் தடவை நம்பரைத் தப்பா அடிச்சுட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சேதான் பார்த்தேன்."

"ஓட்டை இருக்குன்னு ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே அடைச்சிருப்பாங்களே. தப்புதான். என் பேரை எழுதிக்கோ."

"எழுதத்தான் போறேன்! அவ்வளவையும் படிச்சும் உங்களுக்கு மனசு இரங்கலையே சார்! மறுநாளே வந்து, அத்தனை பேர் முன்னால திட்டித் திட்டி என் வேலையைப் பிடுங்குனீங்களே!"

"மூணு நாள் படுக்கையில இருக்கணும்னு அந்தச் சீட்டுல எழுதியிருந்துச்சு. நீ மறுநாளே வந்து நின்னே. அந்த மூணு நாள் வேலையை வேற யாராவது செய்யணுமில்ல?"

"அதை... அன்பா கேட்டு வாங்கியிருக்கக்கூடாதா சார்?"

"அன்பா கேட்டிருந்தா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா!"