ராத்திரிக் காவல்

"மாத்திரை மேல மட்டும் பழி போடாதீங்க டாக்டர். சாமி மாதிரி வந்து எங்களைக் காப்பாத்தின மாத்திரை அது!"

அம்மா படபடவென்று பொரிந்தாள். பக்கத்து நாற்காலியில் பதினைந்து வயது மகள், நெற்றியில் புதுக் கட்டோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் பள்ளிக்கூட மாடிப்படியில் வலிப்பு வந்து உருண்டுவிட்டாள்.

"ராத்திரியில வலிப்பே வர்றதில்லையா?" என்றார் டாக்டர்.

"பக்கத்துலயே படுக்கறேனே, எனக்குத் தெரியாதா? முன்னெல்லாம் இவ புரண்டு படுத்தாலே திடுக்குனு எந்திரிச்சு உட்கார்ந்துடுவேன். இப்ப எனக்கே விடியறது தெரியறதில்லை. அவ்வளவு நிம்மதி!"

சும்மா நிம்மதியா அது? பிள்ளைக்கு எப்போது இழுத்துக்கொள்ளுமோ என்று வருஷக்கணக்காகக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தவள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும்போது கண் சொக்கி, மெஷின் ஊசி கட்டைவிரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. ரத்தத் துணி சுற்றிய கையோடு வீட்டுக்கு வந்த அன்று மகள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு அடுத்த வாரம்தான் டாக்டர் மகளுக்குத் தூக்கத்துக்கென்று இந்த மெலட்டோனின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் மூளை அலைப் படத்தைப் புரட்டினார். "தூக்கம் கெட்டாலே வலிப்பு வந்துடும்மா. இவளைப் பார்த்தா ஒழுங்கா தூங்கற பொண்ணு மாதிரி தெரியலையே. மாத்திரையைத் தவறாம போடறாளா?"

"ஒருநாள் தவறினதில்லை. நானே கையில எடுத்துக் கொடுக்கறேன். பாலோட முழுங்கிக்கறேன்னு சமையல்கட்டுக்குப் போவா. வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வெச்சுட்டுத்தான் நகருவா. இந்தக் காலத்துல யாரு டாக்டர் பெத்தவளை இப்படித் தாங்கறாங்க?" மகளின் நெற்றிக் கட்டை மெல்லத் தொட்டாள். "இப்படிப்பட்ட பொண்ணுக்கா இந்த வியாதி வரணும்? என் வயிறு எரியுது!"

மகள் அம்மாவின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "சரி, ஒண்ணு பத்தலை போலிருக்கு. இன்னைக்கு ராத்திரியிலேருந்து ரெண்டாக் கொடுத்துடுங்க."

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஐயையோ, ரெண்டு வேணாம் டாக்டர்! ஒண்ணு கலந்ததுக்கே அம்மா விடிஞ்சது தெரியாமத் தூங்கறாங்க!"