எந்தக் கால் முதலில்?

அழைப்பு மணியில் வைத்த விரலை எடுப்பதற்குள் கதவு திறந்துகொண்டது.

முட்டி ஜவ்வு கிழிந்த ஆள் இவ்வளவு சீக்கிரம் வந்து கதவைத் திறப்பாரா?

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவன் முதல் சந்தேகத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

எதிரே ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே இரும்புப் படியில் சறுக்கி விழுந்து ஐந்து வாரம் ஆகிறதாம். ஸ்கேன் படத்தில் கிழிசல் பாதிதான் தெரிந்தது. பாதிக் கிழிசலோடு ஓடுகிறவர்களும் உண்டு.

இவன் 'நிஜம்' என்று எழுதினால் அவருக்கு ஆபரேஷன். 'நடிப்பு' என்று எழுதினால் வேலையும் போகும், காலும் போகும்.

கதவை ஒட்டி ஒரு நாற்காலி. அதனடியில் தண்ணீர் பாட்டில், நாலாக மடித்த பேப்பர். விசாரணைக்கு ஆள் வருவதாகச் சொன்னதால் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தாராம்.

காத்திருந்தாரா, ஒத்திகை பார்த்தாரா?

ஊன்றுகோலின் அடி ரப்பர் வேறு தேயவே இல்லை. கடையில் இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது.

நடிப்பைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்து வருடம் காசு வாங்கிக் கால்பந்து ஆடியவன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் காற்று பட்டாலே சுருண்டு விழுந்து பெனால்டி வாங்கிவிடுவான். ரசிகர்கள் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. கால் போய், ஆட்டமும் போய், வேலை கேட்டு வந்தவனை மேனேஜர் உடனே சேர்த்துக்கொண்டார்.

"பாம்பின் கால் பாம்புக்குத்தான்யா தெரியும்!"

தெரிந்தது. ஆறு வருடத்தில் ஒரு போலிகூட அவனிடம் தப்பியதில்லை.

கேஸ்களை மேனேஜர்தான் பிரித்துக் கொடுப்பார். இந்த ஒன்றை மட்டும் அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

எதிரெதிரே உட்கார்ந்ததும், எழுதுவதுபோலப் பாவனை செய்து பேனாவை நழுவவிட்டான். அது உருண்டு அவர் பாதத்தருகே நின்றது. பழைய தந்திரம். பாதிப் பேர் தன்னை மறந்து குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.

இவர் குனியவில்லை.

"நீங்களே எடுத்துக்குங்க சார். இந்த வித்தையெல்லாம் நானும் நெறைய பாத்தவன்தான்."

எங்கே பார்த்தார் என்று அவன் கேட்கவில்லை. குனிந்தான். அவனுடைய இடது முட்டி 'டக்'கென்று சத்தம் போட்டது. அவருடைய பார்வை பேனாவை விட்டு அந்த முட்டிக்கு வந்து நின்றது.

"கோலை வெச்சிட்டு எந்திரிங்க. நடந்து காட்டுங்க."

"ஊனக் கூடாதுன்னு டாக்டர்..."

"நாலே அடி."

நடந்தார். மூன்றாவது அடியில் முகம் சாம்பலாகி, நெற்றியில் வியர்வை பொடித்தது. வியர்வையையும் அவன் நம்பத் தயாராக இல்லை. விழுவதற்கு முன் தண்ணீரை எடுத்து முகத்தில் தடவிக்கொண்ட கை அவனுடையது.

ஆனால் நடிக்கிறவன் வலியில் துடிக்கும்போதும் விரலிடுக்கு வழியாக ஒரு கண்ணால் பார்ப்பான், எதிராளி நம்புகிறானா என்று. இவர் தரையை மட்டும்தான் பார்த்தார்.

கெட்டிக்காரர்!

கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "படி எறங்கறப்ப எந்தக் கால மொதல்ல வைப்பீங்க?"

நடிக்கிறவர்கள் யோசிக்காமல் 'நல்ல காலை' என்பார்கள். அங்கேதான் சிக்குவார்கள்.

"அஞ்சு வாரமா நான் எறங்கவே இல்லையே சார்."

நழுவல். போதும். பையை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இடது காலைக் கீழே வைத்தான். வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான். மறுபடி இடது. மறுபடி வலது.

பின்னால் டொக், டொக் என்று ஊன்றுகோல் சத்தம். மேல்படியில் வந்து நின்றது.

"எறங்கறப்ப மொதல்ல கெட்ட கால். ஏறும்போது மொதல்ல நல்ல கால். நீங்க கேட்டதுக்கு இதானே பதில்?"

அவன் திரும்பவில்லை.

மேலேயிருந்து வந்த குரலில் இப்போது 'சார்' இல்லை.

"தம்பி, அன்னிக்கு நெஜமாவே விழுந்தியா?"

அன்றைக்கு. எட்டு வருடத்துக்கு முன்னால். புல்லில் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை நோக்கி இதே மனிதர்தான் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அப்போது அவர் நடுவர். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை உருவி அவன் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நடிச்சது போதும். எந்திரி தம்பி!"

நூறு முறை புலி வருது என்று கத்தியவன். நூற்றியோராவது முறை யார் நம்புவார்கள்? எழுந்தான். நாலே அடி ஓடினான். பாதி கிழிந்திருந்த ஜவ்வு முழுசாக அறுந்தது. ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள நாடகம் ஆடுகிறான் என்று மறுநாள் பேப்பர்கள்கூட எழுதின.

இன்று அந்த வீட்டில் நடிப்பு என்று ஒன்று இருந்ததென்றால், இருவரும் ஒருவரையொருவர் தெரியாததுபோல உட்கார்ந்திருந்ததுதான்.

பைக்குள் இருந்த அறிக்கை கனத்தது. 'நடிப்பு' என்று நேற்றே டைப் செய்து, கையெழுத்தும் போட்டு எடுத்து வந்திருந்தான்.

மெல்லத் திரும்பினான். மேலே அவர் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். மற்றக் கால் தரையைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கைப்பிடியை மாற்றிப் பிடித்தான்.

நல்ல காலை முதலில் வைத்து, ஏற ஆரம்பித்தான்.