காரைக்காலுக்கு ஒரு டாக்டர்

“ரெண்டு பேர்ல ஒருத்தரக் காரைக்காலுக்கு அனுப்பியாகணும்மா. யாருன்னு ரெண்டு மணிக்குள்ள சொல்லிடு.”

மேலதிகாரி கோவிந்தராசுவின் குரல் எப்போதும் போனை விட்டு நாலடி வெளியே வந்து நிற்கும். தேவிப்பிரியா போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“சார், புதுசா ஒரு டாக்டர எடுக்க முடியாதா?”

“புதுப் பணியிடம் கேட்டா ஃபைல் அஞ்சாறு வருஷம் தூங்கும். காலி இடம் இருந்தா நாளைக்கே ஆள் எடுக்கலாம். உன் ஆஸ்பத்திரியில ரெண்டு இடமும் நெறஞ்சி கெடக்கே! காரைக்கால் சனங்க ஒரு ஊசிக்கு நாலு மணி நேரம் பஸ்ல வர்றாங்க. நீ பேஷன்ட்டுங்களோட உக்காந்து பேச்சுக் குடு. யாரு போனா இங்க சமாளிக்கலாம்னு தெரிஞ்சிடும். ஆஸ்பத்திரி ஆளுங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதே.”

எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை டாக்டர் வேண்டும் என்று கணக்குப் போடும் பிரிவில் அவள் சேர்ந்து ஆறு மாதம். இதுவரை டாக்டர்கள் அவளுக்குக் கட்டங்களுக்குள் இருக்கும் எண்கள். புதுச்சேரியின் இந்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கான கட்டத்தில் ‘இரண்டு’ என்றிருந்தது. அய்யப்பன், ஆலேன். வரும் வழியிலேயே இருவருக்கும் முகம் வரைந்து வைத்திருந்தாள். அய்யப்பனுக்கு அடர்ந்த மீசை, அதட்டும் குரல். ஆலேனுக்கு ஒல்லி உடம்பு, கண்ணாடி, ஜன்னலோரம் நின்று எதையோ யோசிக்கும் பழக்கம்.

வராந்தாவின் ஒரு முனையில் மருந்து ஏற்றும் அறை. மறுமுனையில் பரிசோதனை அறை. நடுவில் ஒரு நீள பெஞ்சு. அதில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா பாப்பா, எங்க டாக்டரத் தூக்கப் போறீங்களா?”

பக்கத்தில் தலையில் துண்டு கட்டியிருந்த பெண் கேட்டாள். தில்லையம்மாள், கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்பவள். போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“இன்னும் முடிவாகலம்மா…”

“அய்யப்பன் டாக்டரத் தொட்டீங்க, காலாப்பட்டுல ரோட்ட மறிச்சிடுவோம். எனக்கு இன்னும் நாலு ஊசி பாக்கி இருக்கு. ‘தில்லை, வஞ்சிரம் இன்னா வெல?’ன்னு கேட்டுக்கினே வேலைய முடிச்சிடுவாரு. இன்னொருத்தர் இருக்காரே, பேரு வாயில நுழையல, அவர அனுப்பிக்க.”

அவளுக்கு அடுத்து இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்தார். வைத்திலிங்கம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்; பிரெஞ்சு மரியாதையில் எல்லாருக்கும் ‘முசே’. இந்த வெக்கையிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார்.

“ஏம்மா, ஆலேன அனுப்பச் சொல்ல நீ யாரு? என் தொண்டைக் கட்டியக் கண்டுபுடிச்சதே அவருதான். பாரீசுல இருக்கற என் பையனுக்கு அவரே போன் போட்டு, பிரெஞ்சுலயே எல்லாம் வெளக்குனாரு. அனுப்பறதுன்னா உங்க அய்யப்பன அனுப்பட்டும்.”

“பிரெஞ்சு பேசுனா கட்டி கரைஞ்சிடுமா முசே?”

“வஞ்சிரம் வெல கேட்டா கரைஞ்சிடுமா?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தில்லையம்மாளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

“வெளையாட்டு இல்ல பாப்பா. எங்க தெருவுல சின்னக்கண்ணுன்னு ஒருத்தி இருந்தா. அவ பாத்துக்கினு இருந்த டாக்டர வேற ஊருக்கு மாத்திட்டாங்க. புது டாக்டர் வரட்டும், வரட்டும்னு ஊசியப் பாதியில உட்டுட்டா. இப்ப அவ இல்ல.”

வைத்திலிங்கம் செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டுத் தேவிப்பிரியா பக்கம் திரும்பினார்.

“ரெண்டு டாக்டர் இருந்தே ஏழு மணிக்கு வந்தவங்க வீடு திரும்ப மூணாவுது. ஒருத்தர் ஆயிட்டா நாங்க இங்கயே பாய் போட வேண்டியதுதான்.”

“அது மட்டும் நீங்க சொல்றது நெசம், முசே.”

மணி ஒன்றே முக்கால். தேவிப்பிரியா செல்போனில் கோவிந்தராசுவுக்கு எழுதத் தொடங்கினாள். ‘சார், காரைக்காலுக்கு டாக்டர்…’ அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அய்யப்பன் என்று எழுதினால் இந்தப் பெண்ணின் நாலு ஊசி. ஆலேன் என்று எழுதினால் இந்தப் பெரியவரின் தொண்டை. எதையும் எழுதாவிட்டால் காரைக்கால் பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு வரும் முகம் தெரியாத யாரோ.

மருந்து ஏற்றும் அறைக் கதவு படாரென்று திறந்தது. மீசையும் இல்லாத, ஒல்லியும் இல்லாத ஒருவர், வெள்ளைக் கோட்டு வியர்வையில் ஒட்டியிருக்க, பரிசோதனை அறையைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

தில்லையம்மாள் எழுந்துகொண்டாள். “இதோ, எங்க அய்யப்பன் டாக்டரு! நீயே பாத்துக்க பாப்பா.”

அதே நேரம் வைத்திலிங்கமும் விறைப்பாக எழுந்து நின்றார். “போன்ழூர், டாக்டர் ஆலேன்!”

இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார்… உங்க முழுப் பேரு?” தேவிப்பிரியாவும் எழுந்துவிட்டாள்.

“ஆலேன் அய்யப்பன்,” என்றார் அவர், நிற்காமலே. “ஒரு பதிவேட்டுல முன்பாதிய எழுதுனாங்க, இன்னொண்ணுல பின்பாதிய. சரி பண்ணச் சொல்லி மூணு வருஷமா லெட்டர் போடறேன். அடுத்து யாருப்பா, உள்ள வாங்க!”

தேவிப்பிரியா எழுதியதை அழித்துவிட்டு நேராக நம்பரை அழுத்தினாள். குரல் வராந்தா முழுக்கக் கேட்பதைப் பற்றி இப்போது அவளுக்குக் கவலையில்லை.

“சார், ரெண்டு பேரும் ஒரே ஆளுதான், இங்கேருந்து அனுப்ப ஆளே இல்ல! மூணு வருஷமா ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. காரைக்காலுக்கு நாளைக்கே விளம்பரம் குடுத்துடலாம்!”