முதல் கரண்டி

மனைவி இறந்தபின் மன்சொக் கிழவர் தனக்கென்று அடுப்பே பற்றவைப்பதில்லை. ஞாயிறு மட்டும் தப்பாது. சபைப் போதகர் அனுப்பும் மங்கோலிய மாணவி தெமுலென் 'பசிக்குது தாத்தா' என்று வந்துவிடுவாள்.

அலுப்போடு முள்ளங்கி சூப்பும் சோறும் வைத்தார்.

"தின்னேன், எதுக்கு என் மூஞ்சியவே பாக்குறே?"

"பெரியவங்க கரண்டிய எடுக்காம நான் எப்படித் தாத்தா எடுக்கிறது?"

"கொரியாவுக்கு வந்து இத மட்டும் நல்லாப் படிச்சுக்கிட்டே!"

வந்தவளைப் பட்டினி போட முடியுமா? முனகிக்கொண்டே சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள்.

கிளம்பியவள் வாசலில் போனில் பேசுவது கேட்டது.

"தாத்தா கிண்ணத்தக் காலி பண்ணிட்டாரு, போதகர் ஐயா. சபையிலயும் சாப்பிட்டு இங்கயும் சாப்பிட்டு எனக்குத்தான் வயிறு வெடிக்குது."

கிழவர் படாரென்று கதவைத் திறந்தார்.

"ஏ பொண்ணு! அடுத்த ஞாயிறு அங்க சாப்பிடாம வா!"