கரடி தலை குனியும் இடம்

"வாயசைவு ரெண்டுக்கும் சரியாத்தானே வருது மேடம்? அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றிருந்த குரல் நடிகர் கேட்டார். முப்பது வருடமாக வில்லன்களுக்கே குரல் கொடுத்தவர். அவர் 'வணக்கம்' சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் போவார்.

"வாய் பொருந்துது சார். கண்ணு பொருந்தலையே" என்றாள் வசனம் எழுதிய பெண், இந்தப் பக்கத்திலிருந்து.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒலிப்பதிவாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று தலைமுறைக் குழந்தைகளைச் சிரிக்கவும் அழவும் வைத்த பழைய கார்ட்டூன் படம். முதல் முறையாகத் தமிழ் பேசப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு வரி பாக்கி.

பாட ஆசைப்பட்ட கரடிக் குட்டியை, 'கரடின்னா உறுமணும்' என்று அப்பா கரடி குகையை விட்டே துரத்திவிடும். பிறகு மனசு கேட்காமல் மலை மலையாகத் தேடி, கடைசியில் பனிக்கு நடுவே குட்டியைக் கண்டுபிடிக்கும். அங்கே அப்பா சொல்ல வேண்டியது, "என்னை மன்னிச்சிடு." குரல் நடிகர் சொல்வேன் என்று அடம்பிடிப்பது, "உன்னை மன்னிச்சிட்டேன்."

"குடும்பத்தோட பாக்கற படம் மேடம். எந்த வீட்ல அப்பன் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கறான்? அப்பன்னா மன்னிப்பான். அதான் நம்ம பண்பாடு."

"மன்னிக்கிறவர் எதுக்கு சார் தலை குனியணும்? திரையைப் பாருங்க, கரடி குனியுது."

"குளிருக்குக் குனிஞ்சிருக்கும்."

"கரடிக்கா? உடம்பெல்லாம் கம்பளி சார் அதுக்கு!"

ஒலிப்பதிவாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். தீர்ப்பு உடனே வந்தது.

"ஆறு மணிக்குப் படத்தை அனுப்பியாகணும். அதுக்குள்ள அவர் அந்த வரியைச் சொன்னா சரி. இல்லேன்னா அவர் இஷ்டப்படியே விட்டுடுங்க."

மணி ஐந்தே கால். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு இது முதல் படம். அப்படியிருந்தும், கரடிக்கு இவர் குரல்தான் வேண்டும் என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். குரல் நடிகரோ காலையில் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். இந்தச் சின்னப் பெண் நமக்குச் சொல்லிக்கொடுப்பதா என்ற கௌரவம் போலிருக்கிறது என்று ஒலிப்பதிவாளர் நினைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லித் தொலைக்கிறேன். ஓட விடுங்க" என்றார் குரல் நடிகர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

முதல் டேக்.

"சார், மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்ல. கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர்.

ஐந்தாவது டேக்கில் எகத்தாளம் எட்டிப்பார்த்தது. பன்னிரண்டாவதில் 'என்னை' வரைக்கும் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. பதினேழாவதில் அதுவும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

மணி ஐந்தே முக்கால்.

அவள் எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் சார். சர்க்கரை போடல."

அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். ஆள் கெட்டிக்காரி, எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாளே என்று ஒலிப்பதிவாளர் வியந்தார். அவள் திரும்பி வரவில்லை. அங்கேயே, திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

திரையில் பனி கொட்டியது. குட்டி நிமிர்ந்து பார்த்தது. கரடி தலை குனிந்தது.

"என்னை... மன்னிச்சிடு."

ஒலிப்பதிவாளரின் கை அப்படியே நின்றுவிட்டது. வில்லனும் இல்லை, மிரட்டலும் இல்லை. அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதே இல்லை. இத்தனைக்கும் மனிதர் திரையைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒரு எழுத்துகூட விலகாமல் கரடியின் வாயில் அச்சாக உட்கார்ந்திருந்தது.

"பிச்சுட்டீங்க சார்!" நாற்காலி உருண்டு ஓட எழுந்து நின்று கைதட்டினார். போனை எடுத்துக் கத்தினார். "முதலாளி, தலை குனிஞ்சே ஜெயிச்சிடுச்சு நம்ம கரடி!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் அசையவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"சார், மைக்கை அணைச்சிடுங்களேன்."

ஒலிப்பதிவாளர் பொத்தானைத் தேடுவதற்குள், ஸ்பீக்கரில் அவள் குரல் மறுபடியும் கேட்டது.

"வீட்டை விட்டு வந்து ஆறு வருஷமாச்சு. இப்ப இன்னொரு தடவை சொல்லுங்க அப்பா. கரடிக்காக இல்ல, எனக்காக."